கொடுவா மீனுக்கேற்ற தூண்டிற்கோலும் ரீலும்: சிறிய தொகுதி ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் முறை

மீன் பிடிக்கும் கருவிகளுள் மிகத் தொன்மையானவற்றில் ஒன்று தூண்டில். வலை பல மீன்களை ஒருசேர வாரிக்கொள்ளும். தூண்டிலோ ஒரு நேரத்தில் ஒரு மீனையே பிடிக்கும். ஆயினும், பிடித்த மீனை அளந்து பார்த்து, வைத்துக்கொள்ளத் தக்கதை வைத்துக்கொண்டு, விட வேண்டியதை உயிருடன் நீரில் விடுவதற்குத் தூண்டில் இடந்தருகிறது. ஆகையால், மீன்களின் அளவையும் பருவத்தையும் ஆராயும் களப்பணியாளர்க்கும், நெம்புகோல், உராய்வு, மீள்சக்தி ஆகிய பாடங்களைக் கண்கூடாக விளக்க விரும்பும் ஆசிரியர்க்கும் இது பயனுள்ள சாதனமாகும்.

இன்று நம் நாட்டுக் கடைகளில் விற்கப்படும் கோல்களும் ரீல்களும் பல அமெரிக்க ‘பாஸ்’ மீனைப் பிடிப்பதற்கென்று வகுக்கப்பட்ட மாதிரியில் அமைந்தவை. அம்மீன் இந்திய நீர்நிலைகளுக்கு உரியதன்று. நம் கடற்கழிகளில் அதற்கு ஒப்பாகச் சொல்லத்தக்கது கொடுவா மீன். எனவே, ‘பாஸ் கோல்’ என்னும் பெயருடன் விற்கப்படும் பொருள்களுள் எவை கொடுவாவுக்குப் பொருந்தும், எவை பொருந்தா என்பதை அறிந்து வாங்குதல் வேண்டும். வருவாய் குறைந்த ஒருவர் பத்துக் கோல்களை வாங்க இயலாது. இரண்டு அல்லது மூன்று கோல்களைக் கொண்டே எல்லாத் தேவைகளையும் நிறைவேற்றிக்கொள்ளும் வழியை இக்கட்டுரை விளக்குகிறது.

இடமும் நீரும்

மும்பையின் ஆண்டாப் ஹில் பகுதியில் மத்திய அரசு ஊழியர்களின் குடியிருப்புகள் அமைந்துள்ளன. அருகிலுள்ள மாட்டுங்கா, தாராவி, செம்பூர் ஆகிய பகுதிகளைப் போலவே இங்கும் தமிழ்க் குடும்பங்கள் பல வாழ்கின்றன. இதனை அடுத்த குரு தேக் பகதூர் நகர் ரயில் நிலையம் முன்னர்க் ‘கோலிவாடா’ என்றே வழங்கியது. கோலிவாடா என்பது கோலி இன மீனவர்களின் குடியிருப்பைக் குறிக்கும் சொல். மீன்பிடித் தொழில் இவ்வட்டாரத்துக்குப் புதிதன்று என்பதற்கு இப்பெயரே சான்றாகும்.

ஆண்டாப் ஹில்லுக்குத் தெற்கிலும் கிழக்கிலும் வடாலா, சிவ்ரி, மாகுல் ஆகிய இடங்களின் கரையோரம் சேற்றுவெளிகளும் அலையாத்திக் காடுகளும் உள்ளன. இவற்றுக்கு அப்பால் தாணா கடற்கழி வடக்கு நோக்கி நீண்டு செல்கிறது. அக்கழியின் ஒரு பகுதி 2015ஆம் ஆண்டில் பூநாரைச் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. 2022ஆம் ஆண்டில் ராம்சார் ஈரநிலங்களின் பட்டியலிலும் இடம்பெற்றது. சரணாலய எல்லைக்குள்ளும் துறைமுக எல்லைக்குள்ளும் உரிய அனுமதியின்றித் தூண்டில் போடலாகாது. மேலும், நகரக் கழிவுநீர் கலக்கும் கழிகளில் பிடித்த மீனை உணவாகக் கொள்ளாமல் விட்டுவிடுதலே நன்று.

நன்னீரில் பயிற்சி பெற விரும்புவோர்க்குப் போவாய் ஏரி உண்டு. நகரின் குடிநீர்த் தேவைக்காகப் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் அமைக்கப்பட்ட இவ்வேரி, பின்னர்க் குடிநீருக்குப் பயன்படாமற் போயிற்று. இங்கே தூண்டில் மீன்பிடிப்பு நெடுங்காலமாக மகாராஷ்டிர மாநிலத் தூண்டில் மீன்பிடிப்போர் சங்கத்துடன் தொடர்புடையதாக இருந்து வந்துள்ளது. கட்லா, ரோகு முதலிய கெண்டை வகைகள் இந்நீரில் வாழ்கின்றன.

கொடுவாவின் இயல்பு

சாதனத்தைத் தேர்வதற்கு முன் மீனை அறிதல் வேண்டும். கொடுவாவை அறிவியலார் லேட்டஸ் கால்காரிஃபர் என்பர். மகாராஷ்டிரக் கரையில் இதனை ஜிதாடா என்றும், வங்காளத்தில் பேட்கி என்றும், ஆஸ்திரேலியாவில் பாரமுண்டி என்றும் வழங்குவர். இம்மீன் உப்புநீரிலும் நன்னீரிலும் வாழும். முகத்துவாரங்களை அடுத்து முட்டையிடும். குஞ்சுகள் கழிகளிலும் ஆறுகளிலும் புகுந்து வளரும்.

சாதனத் தேர்வைப் பொறுத்தவரை இம்மீனின் இயல்புகளுள் நான்கு கருதத்தக்கவை.

முதலாவது, இது பதுங்கித் தாக்கும் மீன். அலையாத்தி வேர்கள், பாலத் தூண்கள், மதகுகள், பாறைகள் ஆகியவற்றின் நிழலில் நின்று, நீரோட்டத்தில் வரும் இறாலையும் மடவையையும் கவ்வும். முள் தைத்தவுடன் மீண்டும் அம்மறைவிடத்திற்கே பாயும். ஆகவே அதனைத் தடுத்து நிறுத்தும் வலிமை கோலுக்கு வேண்டும்.

இரண்டாவது, இதன் பற்கள் மிகச் சிறியனவாயினும் தாடை அரம்போற் சொரசொரப்பானது. செவுள் மூடியின் விளிம்போ கத்திபோற் கூரியது. மெல்லிய நரம்பு இவற்றில் உரசினால் அறுந்துவிடும்.

மூன்றாவது, இது நீருக்கு மேலே துள்ளித் தலையை உதறும். அப்பொழுது நரம்பு தளர்ந்தால் முள் கழன்று போகும். நரம்பு மிக இறுகினால் முள் கிழித்துக்கொண்டு வெளியேறும். ஆகையால் கோலின் வளைவும் ரீலின் தடையும் ஒன்றற்கொன்று இசைந்திருத்தல் வேண்டும்.

நான்காவது இயல்பே யாவற்றினும் முக்கியமானது. கொடுவா முதலில் ஆணாக முதிர்ந்து, சில ஆண்டுகள் கழிந்த பின்னரே பெண்ணாக மாறுகிறது. எனவே, ஒரு கழியிலுள்ள மிகப் பெரிய கொடுவாக்கள் பெரும்பாலும் முட்டையிடும் பெண்களாகும். அவற்றை இழந்தால் அக்கழியின் அடுத்த தலைமுறையே குறையும். ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து மாநிலத்தில் 58 சென்டிமீட்டருக்குக் குறைந்த மீன்களை மட்டுமன்றி, 120 சென்டிமீட்டருக்கு மேற்பட்ட மீன்களையும் வைத்துக்கொள்ளக் கூடாதென விதி வகுத்திருப்பதன் கருத்து இதுவே. நம் நாட்டில், 1987ஆம் ஆண்டில் சென்னையைத் தலைமையிடமாகக் கொண்டு நிறுவப்பட்ட மத்திய உவர்நீர் உயிரின வளர்ப்பு நிறுவனம், 1997ஆம் ஆண்டில் கொடுவாவைச் செயற்கைச் சூழலில் இனப்பெருக்கம் செய்வதில் வெற்றி கண்டது. பண்ணைகளுக்கு வேண்டிய குஞ்சுகளை இவ்வாறு பெறலாம். கழியிலுள்ள இயற்கையான தாய்மீனைக் காப்பதோ தூண்டில் பிடிப்போரின் கடமையாகும்.

தகுதிக்கு மிக மெல்லிய சாதனத்தைக் கையாண்டால், பெரிய மீனுடன் நெடுநேரம் போராட நேரிடும். மீன் முற்றிலும் களைத்துப் போனால், விடுவித்த பின்னும் பிழைப்பது அரிது. நரம்பு அறுந்தாலோ, முள்ளையும் நீண்ட நரம்பையும் சுமந்துகொண்டு வேர்களிடையே சிக்கி மீன் மடியும். ஆதலால் சாதனத்தின் அளவைச் சரியாகத் தேர்தல் மீனின் உயிரைப் பொறுத்த காரியமுமாகும்.

கோலின் இலக்கணம்

இந்தியாவில் தூண்டிற்கோலைப் பற்றிய நூல்கள் புதியனவல்ல. சென்னை மாகாணச் சிவில் சேவையைச் சேர்ந்த ஹென்றி சல்லிவன் தாமஸ் என்பார் 1873ஆம் ஆண்டிலேயே இந்தியத் தூண்டில் மீன்பிடிப்பைப் பற்றி நூல் வெளியிட்டார். அக்காலத்தில் கோலுக்கு மூங்கிலும் மரமுமே பயன்பட்டன. 1940களில் கண்ணாடி இழைக் கோல்களும், 1970களில் கரி இழைக் கோல்களும் வழக்கத்துக்கு வந்தன. கண்ணாடி இழை கனமானது. ஆனால் அடிபட்டாலும் எளிதில் முறியாது. கரி இழை இலேசானது. மீனின் மெல்லிய தொடுதலையும் கைக்கு உணர்த்தும். எனினும் கல்லில் மோதினால் விரிசலுறும். மாணவர் கையாளும் கோலுக்குக் கண்ணாடி இழையோ, இரண்டும் கலந்த வகையோ ஏற்றது.

கோலை மூன்று அளவைகளால் மதிப்பிடுவர். அவை நீளம், வலிமை, வளைவு என்பன.

நீளம் மிகுந்தால் இரையைத் தொலைவில் எறியலாம். ஆனால் நீளம் மிகுந்த கோல் பிடிப்பவருக்கு உதவியாக அன்றி மீனுக்கே உதவியாக அமையும். இதனை நெம்புகோல் விதியால் அறியலாம். கோலின் அடிமுனையை உடலில் ஊன்றி, அங்கிருந்து 45 சென்டிமீட்டர் மேலே ஒரு கையால் பிடிப்பதாகக் கொள்வோம். நுனியில் நரம்பு 1.8 கிலோ எடை விசையுடன் செங்குத்தாக இழுக்கிறது. கோல் வளையாமல் 2.1 மீட்டர் நீளமாக நின்றால், கை தாங்க வேண்டிய விசை 1.8 × 2.1 ÷ 0.45, அதாவது 8.4 கிலோ. அதே நிலையில் கோல் 3 மீட்டர் நீளமாயின் கை தாங்க வேண்டியது 12 கிலோ. 2.1 மீட்டர்க் கோல் நன்கு வளைந்து, அடிமுனையிலிருந்து நரம்பு வரையுள்ள செங்குத்துத் தூரம் 1.2 மீட்டராகக் குறைந்தால், கைக்கு வரும் விசை 4.8 கிலோ மட்டுமே. கோல் ஏன் வளைய வேண்டும் என்பதற்கும், மிக நீண்ட கோல் ஏன் கையைச் சோர்வுறச் செய்கிறது என்பதற்கும் இக்கணக்கே விடையாகும்.

வலிமை என்பது கோலை வளைக்கத் தேவையான விசை. இதனை லைட், மீடியம், மீடியம் ஹெவி, ஹெவி என்னும் சொற்களாற் கோலின் மேல் குறிப்பர். இச்சொற்களுக்குப் பொதுவான அளவு இல்லை. ஒரு தயாரிப்பாளரின் மீடியம் மற்றொருவரின் மீடியம் ஹெவிக்குச் சமமாகலாம். எனவே, அதனருகில் அச்சிட்டிருக்கும் இரையின் எடையையும் நரம்பின் வலிமையையும் பார்த்தே வாங்குதல் வேண்டும். அவை பெரும்பாலும் அவுன்சிலும் பவுண்டிலும் இருக்கும். ஓர் அவுன்சு ஏறத்தாழ 28 கிராம்; ஒரு பவுண்டு 0.45 கிலோ, ஓர் அடி 30.5 சென்டிமீட்டர்.

வளைவு என்பது கோலின் எப்பகுதி வளைகிறது என்பதைக் குறிக்கும். நுனி மட்டும் வளைவதை ‘ஃபாஸ்ட்’ என்றும், நடுப்பகுதி வரை வளைவதை ‘மாடரேட்’ என்றும் கூறுவர். நுனி வளையும் கோல் முள்ளை விரைவில் தைக்கும். மறைவிடத்திலிருந்து மீனைத் திருப்பவும் உதவும். நடு வரை வளையும் கோல் மீன் துள்ளும்போது அதிர்ச்சியை ஏற்றுக்கொள்ளும். கொடுவாவுக்கு இவ்விரண்டிற்கும் இடைப்பட்ட ‘மாடரேட் ஃபாஸ்ட்’ வகையே நன்று. ஃபாஸ்ட் கோலையே வாங்க நேர்ந்தால் ரீலின் தடையைச் சிறிது தளர்த்தி வைத்தல் வேண்டும்.

ரீலின் இலக்கணம்

ரீல் என்பது நரம்பைச் சுற்றி வைக்கவும், இழுக்கவும், வேண்டியபோது தடையுடன் விட்டுக்கொடுக்கவும் உதவும் உருளைப் பொறியாகும். இதில் இரு வகைகள் முக்கியமானவை.

முதல் வகை ஸ்பின்னிங் ரீல். இரை எறியும்போது இதன் உருளை சுழலுவதில்லை; நூற்கண்டின் முனையிலிருந்து நூல் உருவிச் செல்வதுபோல நரம்பு வெளியேறும். இங்கிலாந்தின் பிராட்ஃபோர்டு நகரத்தில் கம்பளி ஆலை உரிமையாளராக இருந்த ஆல்ஃபிரட் ஹோல்டன் இல்லிங்வொர்த் 1905ஆம் ஆண்டில் இதற்குக் காப்புரிமை பெற்றார். ஆலையில் நூற்கதிரிலிருந்து நூல் உருவும் முறையே இதற்கு அடிப்படை. பரேலிலும் லால்பாகிலும் ஆலைகள் இயங்கிய காலத்தை அறிந்த மும்பைவாசிகளுக்கு இத்தத்துவம் எளிதில் விளங்கும்.

இரண்டாம் வகை பெயிட்காஸ்டிங் ரீல். இதில் எறியும்போது உருளையே சுழன்று நரம்பை விடுகிறது. இரையின் வேகம் காற்றின் தடையால் குறையும். உருளையோ தன் சுழற்சி நிலைமத்தால் அதே வேகத்தில் சுழலும். வெளியேறாத நரம்பு உருளையின் மேல் குவிந்து சிக்கலாகும். இதனைத் தடுக்க மையவிலக்கு விசையாலோ காந்தத்தாலோ இயங்கும் தடைகளை அமைத்துள்ளனர். காந்தத் தடை சுழல் மின்னோட்டத் தத்துவத்தால் இயங்குவது. பௌதிக ஆசிரியர்க்கு இது நல்லதோர் எடுத்துக்காட்டு. இவ்வகை ரீல் குறி தவறாது எறியவும், கனத்த நரம்பைக் கையாளவும் ஏற்றது. ஆனால் பழகுவதற்குப் பல நாட்கள் வேண்டும்.

முதன்முதலாக வாங்குவோர் ஸ்பின்னிங் ரீலையே வாங்குதல் வேண்டும். இதன் அளவை 1000, 2500, 4000 என்னும் எண்களாற் குறிப்பர். இவை எவ்வித அளவைக் கூறும் அல்ல. அளவு வரிசையைக் காட்டும் குறியீடுகளே. பல் விகிதம் மட்டும் உண்மையான அளவு. 5.2 என்று குறித்திருந்தால், கைப்பிடி ஒரு முறை சுற்றும்போது சுற்றுச்சட்டம் 5.2 முறை சுற்றும் என்பது பொருள். உருளையின் மேல் நரம்பின் விட்டம் 46 மில்லிமீட்டராயின், ஒரு கைச்சுற்றுக்கு ஏறத்தாழ 75 சென்டிமீட்டர் நரம்பு சுருளும். நரம்பு வெளியேறி விட்டம் 34 மில்லிமீட்டராகக் குறைந்தால், ஒரு சுற்றுக்கு 56 சென்டிமீட்டர் அளவே சுருளும்.

விற்பனையாளர்கள் ரீலிலுள்ள குண்டுத் தாங்கிகளின் எண்ணிக்கையைப் பெரிதாகக் கூறுவர். எண்ணிக்கை மிகுதியால் மட்டும் ரீல் சிறந்ததாகாது. தடை அமைப்பு சீராக இயங்குகிறதா என்பதே முதற்சோதனை. நரம்பைக் கையால் மெல்ல இழுத்தால், உருளை தயங்கித் தயங்கி வெட்டி இழுபடாமல், ஒரே சீராக விட்டுக்கொடுக்க வேண்டும். தயங்கும் ரீல் எத்துணை மலிவாயினும் வாங்கத்தக்கதன்று. தயக்கத்தின் முடிவில் வரும் திடீர் இழுப்பே நரம்பை அறுக்கும்.

நரம்பும் முன்னிழையும்

தமிழகக் கடற்கரையில் தங்கூசி என வழங்கும் நைலான் நரம்பு மலிவானது. நன்கு நீண்டு கொடுக்கும். பாறையில் உரசினும் ஓரளவு தாங்கும். பின்னல் நரம்பு அதே வலிமைக்கு மிக மெல்லியது, சிறிதளவே நீளும், ஆனால் கூரிய விளிம்பில் பட்டால் உடனே அறும். எனவே பின்னல் நரம்பின் முனையில், செவுள் மூடியின் விளிம்பைத் தாங்கத்தக்க தடித்த நைலான் முன்னிழை ஒன்றைச் சேர்த்தல் இன்றியமையாதது. 60 முதல் 100 சென்டிமீட்டர் நீளமும், 15 முதல் 20 கிலோ வலிமையும் உள்ள முன்னிழை போதும்.

சிக்கனத்துக்கு ஒரு வழி உண்டு. நரம்பு உருளையில் பிடிக்கும் இடம் அதன் விட்டத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. 0.40 மில்லிமீட்டர் நைலான் 100 மீட்டர் கொள்ளும் உருளையில் 0.20 மில்லிமீட்டர் பின்னல் நரம்பு ஏறக்குறைய 400 மீட்டர் கொள்ளும். அவ்வளவு நீளம் தேவையில்லை. முதலில் பழைய நைலான் நரம்பைச் சுற்றி, அதன் மேல் 120 மீட்டர் பின்னல் நரம்பைச் சுற்றினால் செலவு குறையும். பின்னல் நரம்பு உருளையின் மேல் வழுக்கிச் சுழலாமல் அடியிலுள்ள நைலான் தடுக்கவும் செய்யும்.

தேர்ந்தெடுக்கத்தக்க மூன்று தொகுதிகள்

அமெரிக்காவில் பாஸ் மீன் பிடிப்போர் ஒவ்வொரு வகை இரைக்கும் தனித்தனிக் கோல் என்று படகில் எட்டுப் பத்துக் கோல்களை வைத்திருப்பதுண்டு. அது போட்டிக்குரிய முறை. பொதுப் பயனுக்கு அது வேண்டுவதில்லை. ஒரு கோல் செய்யும் பணியை மற்றொரு கோலும் செய்யுமாயின் இரண்டாவது கோல் வீண். ஆகவே, ஒன்று செய்ய இயலாத பணிக்கு மட்டுமே அடுத்ததை வாங்குதல் வேண்டும் என்பதே இத்தேர்வின் அடிப்படை விதியாகும்.

முதற்றொகுதி பொதுப் பயனுக்குரியது. 2.1 மீட்டர் நீளமுள்ள மீடியம் கோல். 7 முதல் 21 கிராம் வரை இரை எறியத்தக்கது. 3000 அல்லது 4000 எண்ணுள்ள ஸ்பின்னிங் ரீல். 15 பவுண்டு, அதாவது 6.8 கிலோ வலிமையுள்ள பின்னல் நரம்பு. திறந்த கழியில் கொடுவாவுக்கும், கடற்கரையில் சிறு மீன்களுக்கும், தடையைத் தளர்த்தி வைத்தால் ஏரிக் கெண்டைகளுக்கும் இது உதவும். ஒரே தொகுதி வாங்க இயன்றவர் இதனையே வாங்குதல் வேண்டும்.

இரண்டாம் தொகுதி மறைவிடங்களை அடுத்துப் பிடிப்பதற்குரியது. 2 மீட்டர் நீளமுள்ள மீடியம் ஹெவி கோல். 30 பவுண்டு, அதாவது 13.6 கிலோ பின்னல் நரம்பு. பழகியவர்க்குப் பெயிட்காஸ்டிங் ரீல், பழகாதவர்க்கு 4000 அல்லது 5000 எண்ணுள்ள ஸ்பின்னிங் ரீல். பாலத்தூண், மதகு, அலையாத்தி வேர் ஆகியவற்றின் அருகில் முதற்றொகுதியைப் பயன்படுத்துவது மீனுக்குத் தீங்காகும். அத்தகைய இடங்களில் பிடிக்கும் நோக்கம் இல்லையாயின் இரண்டாம் தொகுதி தேவையில்லை.

மூன்றாம் தொகுதி கற்பிப்பதற்குரியது. 1.8 மீட்டர்க் கண்ணாடி இழைக் கோல். 2000 எண்ணுள்ள ரீல். 8 பவுண்டு, அதாவது 3.6 கிலோ நைலான் நரம்பு. மிதவையும் மண்புழுவும் கொண்டு ஏரியில் சிறு மீன் பிடிக்கவும், முள்ளின்றி ஈயக்குண்டு மட்டும் கட்டி விளையாட்டுத் திடலில் எறிந்து பழகவும் இது உதவும். நிதி போதாத பள்ளியில் இதற்கு மாற்றாக மூங்கிற்கோலே போதும்.

பணத்தைப் பகிரும் வகையிலும் ஒரு நெறி உண்டு. கோல் நடுத்தர விலையினதாக இருக்கலாம். ரீலின் தடை, நரம்பு, முள் ஆகிய மூன்றில் மட்டும் சிக்கனம் ஆகாது. கடற்கழியில் பயன்படும் ரீல் உப்புநீரைத் தாங்கத்தக்கதென்று தயாரிப்பாளரால் குறிக்கப்பட்டிருத்தல் வேண்டும்; கோலின் வளையங்கள் துருப்பிடிக்காத எஃகினாலாகியிருத்தல் வேண்டும். நன்னீர்ப் பாஸ் மீனுக்கென வரும் செயற்கை இரைகளின் முட்கள் பல நேரங்களில் மெல்லியவை. கொடுவா அவற்றை நிமிர்த்திவிடக்கூடும். அவற்றை மாற்றித் தடித்த ஒற்றை முள் பூட்டி, எதிர்முள்ளைக் குறட்டால் நசுக்கி விட்டால், மீனுக்கு ஏற்படும் காயம் குறையும். பிடிப்பவர் கையில் தைத்தாலும் எளிதில் எடுக்கலாம். இயற்கை இரைக்கு வட்ட முள் ஏற்றது. அது தொண்டையில் தைக்காமல் பெரும்பாலும் வாயோரத்திலேயே தைக்கும்.

தடையை அளக்கும் சோதனை

பள்ளிப் பரிசோதனைச் சாலையிலுள்ள வில் தராசு ஒன்றே இச்சோதனைக்குப் போதுமானது. கோலில் ரீலைப் பூட்டி, நரம்பை வளையங்களின் வழியே செலுத்தி, முனையைத் தராசின் கொக்கியில் கட்ட வேண்டும். ஒருவர் கோலைச் சாய்வாகப் பிடிக்க, மற்றொருவர் தராசை மெல்லப் பின்னோக்கி இழுக்க வேண்டும். ரீல் நரம்பை விடத் தொடங்கும்போது தராசு காட்டும் அளவே தடையின் அளவு. தராசை ரீலின் அருகில் நேரடியாகக் கட்டி அளந்தால் அளவு குறைவாகக் காட்டும். வளையங்களின் உராய்வு அங்கே சேராமையே காரணம். மாணவர் இரு முறைகளிலும் அளந்து வேறுபாட்டைக் குறித்துக்கொள்ளலாம்.

தடை, நரம்பின் வலிமையில் நான்கில் ஒரு பங்கு முதல் மூன்றில் ஒரு பங்கு வரை இருத்தல் வேண்டும். முதற்றொகுதிக்கு இது 1.7 முதல் 2.3 கிலோ, இரண்டாவதற்கு 3.4 முதல் 4.5 கிலோ, மூன்றாவதற்கு 0.9 முதல் 1.2 கிலோ.

இன்னும் மிகுதியாக ஏன் வைக்கலாகாது என்று மாணவர் கேட்பர். தடையின் முறுக்கு விசை மாறாதிருக்கையில், உருளையிலுள்ள நரம்பின் விட்டம் குறையக் குறைய இழுவிசை மிகும். விட்டம் 46 மில்லிமீட்டராக இருக்கும்போது 1.8 கிலோவாக வைத்த தடை, 34 மில்லிமீட்டரில் தானாகவே 2.4 கிலோவாகும். முதற்றொகுதியில் பாதி வலிமையாகிய 3.4 கிலோவுக்குத் தடையை வைத்திருந்தால், அதே நிலையில் அது 4.6 கிலோவாகிவிடும். முடிச்சு நரம்பின் வலிமையைக் குறைக்கும். மீனின் திடீர்ப் பாய்ச்சல் இழுப்பை மேலும் கூட்டும். இவையெல்லாம் சேர்ந்தால் 6.8 கிலோ நரம்பும் அறுவது வியப்பன்று. பெரிய மீன் நெடுந்தூரம் ஓடிய பின் தடையை இறுக்கும் வழக்கம் ஏன் தவறு என்பதும் இதனால் விளங்கும்.

பாதுகாப்பு

கரி இழை மின்சாரத்தைக் கடத்தும். மும்பைப் புறநகர் ரயில் தடங்களின் மேற்கம்பிகளில் 25,000 வோல்ட்டு மின்னழுத்தம் உள்ளது. ஹார்பர் வழித்தடமும் 2016ஆம் ஆண்டில் இம்முறைக்கு மாற்றப்பட்டது. ஆண்டாப் ஹில்லிலிருந்து குரு தேக் பகதூர் நகர் அல்லது வடாலா நிலையம் வழியாகச் செல்வோர், கோலைக் கழற்றி உறையில் இட்டே எடுத்துச் செல்லுதல் வேண்டும். நடைமேடையிலோ மேம்பாலத்திலோ கோலை நீட்டிப் பிடிப்பது உயிருக்கு ஆபத்தாகும். கம்பியைத் தொடாவிடினும் அருகில் நெருங்கினாலே மின்சாரம் பாயலாம். இரு துண்டாகக் கழற்றத்தக்க கோலையே வாங்க வேண்டும் என்பதற்கு இதுவும் ஒரு காரணம். இடி மின்னல் தோன்றினால் உடனே கோலைக் கீழே வைத்துக் கரையை விட்டு விலகுதல் வேண்டும்.

மும்பைக் கரையில் அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் இடையே நீர்மட்டம் 4 மீட்டர் வரையும் வேறுபடும். வற்றத்தில் வெளிப்படும் சேற்றில் கால் புதையும். திரும்பும் நீரோ விரைந்து வரும். சேற்றுவெளியில் இறங்காமல், கெட்டியான கரையிலோ படித்துறையிலோ நின்றே தூண்டில் போட வேண்டும். ஓத அட்டவணையைப் பாராமல் மாணவரை அழைத்துச் செல்லலாகாது. ஓதம் நன்கு அறிந்த கோலி மீனவரின் ஆலோசனையைக் கேட்டுக்கொள்வது சாலச் சிறந்தது.

மீனை விடுவித்தலும் சாதனத்தைப் பேணலும்

பிடித்த கொடுவாவைச் சூடான கல்லின் மேலோ மணலின் மேலோ இடலாகாது. கையை நனைத்துக்கொண்டு, ஒரு கையால் தாடையையும் மற்றொரு கையால் வயிற்றையும் தாங்கி, ஈரத்துணியின் மேல் வைத்து அளக்க வேண்டும். தாடையை மட்டும் பிடித்துத் தொங்கவிட்டால் பெரிய மீனின் தாடை மூட்டு சிதையும். அளவு, இடம், தேதி, ஓத நிலை ஆகியவற்றை ஏட்டில் குறித்து, மீனை நீரில் நிமிர்த்திப் பிடித்து, அது தானே துடுப்பசைத்துச் செல்லும்போது விட வேண்டும். முள் ஆழமாகத் தைத்திருந்தால் பிடுங்காமல் நரம்பை முள்ளின் அருகில் வெட்டிவிடுவதே நலம்.

வீடு திரும்பியதும் தடையை இறுக்கிவிட்டு, ரீலையும் வளையங்களையும் நன்னீரை மெல்ல ஊற்றிக் கழுவ வேண்டும். குழாயை வேகமாகத் திருப்பிவிட்டு அடித்தால் உப்பும் மணலும் உள்ளே புகும். உலர்த்திய பின் தடையை முற்றிலும் தளர்த்தி வைக்க வேண்டும். இறுகிய நிலையில் நெடுநாள் இருந்தால் தடைத் தகடுகள் அழுந்தி, தயங்கித் தயங்கி இயங்கும். மழைக்காலத்தில் ஈரம் மிகுதியாதலால், உறையில் மூடி வைக்காமல் காற்றோட்டமான இடத்தில் வைத்தல் நன்று. அறுந்த நரம்பைக் கரையில் எறியாமல் திரட்டி எடுத்து வருதல் வேண்டும். சிவ்ரிக் கரைக்கு வரும் பறவைகளின் கால்களை அது சுற்றிக்கொள்ளும்.

சுருங்கக் கூறின், மீனின் இயல்பை முதலிலும், மீன் நிற்கும் இடத்தை அடுத்தும், கோலின் விலையை இறுதியிலும் கருதுதல் முறையாகும். 2.1 மீட்டர் மீடியம் கோல் ஒன்று, சீராக விட்டுக்கொடுக்கும் ரீல் ஒன்று, அளந்து வைத்த தடை, தடித்த முன்னிழை ஆகிய இவை இருந்தால் திறந்த கழியில் வேண்டிய பணி யாவும் நடைபெறும். வேர்களும் தூண்களும் நிறைந்த இடத்துக்குச் செல்ல நேரும் நாளில்தான் அடுத்த கோலைப் பற்றி எண்ண வேண்டும். அதுவரை அப்பெரிய தாய்மீன்களை அவை பதுங்கியிருக்கும் இடத்திலேயே விட்டுவைத்தல் தகும்.